இடக்கை அபயம்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கினால் பன்னிரண்டு மணி வரைக்கும் எனக்கு மூக்குச் சிந்தக்கூட நேரம் கிடைக்காது. ஜோகுபாளையத்தில் எங்கள் சிவன் கோயில் வாசலில் பூவும் எலுமிச்சம்பழமும் விற்கிறவள் நான். பெயர் காந்தா. வாய் நீளம் என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை திறக்க வேண்டிய நேரத்தில் அந்த வாயைத் திறக்காமல் நின்றேன். அந்தக் கண்றாவியைத்தான் சொல்லப்போகிறேன்.

கும்பாபிஷேகம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வடக்குச் சுவர் மாடத்தில் புதுத் துர்க்கை. பழைய துர்க்கையின் கை, திருப்பணியின்போது சாரக்கட்டுக் குழாய் விழுந்து உடைந்துபோனது. உடைந்த சிலைக்குப் பூஜை கூடாது என்று அவளைக் கொண்டுபோய்க் காவிரியில் விட்டுவிட்டு, புதிதாக ஒன்று செதுக்கி வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் சந்தனக்காப்பு, பட்டு, கழுத்திலிருந்து கால்வரை மாலை. கையில் இருப்பதோ, காலடியில் எருமைத் தலை இருப்பதோ கண்ணுக்குத் தெரியாது. அன்று பட்டுக் கட்டுகிற உதவிக் குருக்கள் ஊருக்குப் போயிருந்தார். அதனால் இடுப்பில் ஒரு மஞ்சள் துணி மட்டும் சுற்றி, வெறும் கருங்கல்லாக நின்றாள்.

ஈஜிபுராவிலிருந்து வாராவாரம் வருகிற ஒரு ஐ.டி. பெண் விளக்கு ஏற்றிவிட்டு போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்தவள் என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இங்க மட்டும் ஏன் துர்க்கை லெஃப்ட் ஹேண்ட்ல ஆசீர்வாதம் பண்றாங்க?"

"இன்னாம்மா உளர்ற? நாம நேருக்கு நேர் நின்னு பாக்கிறோம்ல, அவளோட வலது நமக்கு இடதா தெரியும்" என்றேன், மேதாவியாக.

"இல்ல ஆன்ட்டி. அதையும் பாத்துத்தான் சொல்றேன். நீங்களே பாருங்க."

பார்த்தேன். விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த முப்பது நாற்பது பெண்களும் பார்த்தார்கள். ஒருத்தி தன் வலது கையைத் தூக்கிக்கொண்டு, சிலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சரிபார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

குருக்களைக் கூப்பிட்டோம். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, பழக்கத்தில் குத்துமதிப்பாகச் சந்தனம் சாத்துகிறவர். மாடத்துக்குக் கிட்டே போய் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்தார்.

"சக்கரம் வலது மேல் கையில இருக்கணும். அது அடிக்கிற கை. சங்கு இடது மேல் கையில. கீழ வலது கை அபயம், 'பயப்படாதே, நான் இருக்கேன்'னு சொல்ற கை. இடது கை இடுப்புல. இங்க அத்தனையும் மாறிக் கெடக்கே, ஈஸ்வரா! சங்கு வலதுல, சக்கரம் இடதுல, அபயம் இடக்கையில..."

"மூணு வாரமா இடது கையாலயா நமக்கு ஆசீர்வாதம்?" என்று ஒருத்தி அலறினாள்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கைக்கூட இடது கையால் கொடுத்தால் வாங்க மாட்டோம். ஒரு நிமிஷத்தில் அந்த இடம் கொதித்துப்போனது. ஒருத்தியின் புருஷன் போன வாரம் பைக்கில் விழுந்தது இதனால்தான். இன்னொருத்தியின் மருமகளுக்குக் கரு தங்காததும் இதனால்தான். மூன்றாவதாக ஒருத்தி வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனதைச் சொல்ல ஆரம்பித்தாள். வேறு நாளாக இருந்தால் நான் அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன்.

எனக்கு வேறு ஒன்று உறைத்துக்கொண்டிருந்தது. துர்க்கைக்கு மாலை கட்டுவது நான்தான், பதினெட்டு வருஷமாக. தூக்கிய வலது கையில் மாட்டாமல் இருக்க ஒரு பக்கம் குட்டையாகவும், இடுப்பில் வைத்த கைப்பக்கம் நீளமாகவும் விட்டுக் கட்டுவேன். மூன்று வாரமாகக் குருக்கள், "காந்தா, மாலை அளவு சரியில்ல, கையில தடுக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "பதினெட்டு வருஷமா கட்ற மாலை சாமி, என் அளவு தப்பாது, உங்களுக்குக் கண்ணு தெரியல" என்று நான் அவர் வாயை அடைத்திருந்தேன். அளவு தப்பவில்லைதான். சிலை தப்பியிருந்தது.

விக்கி வந்தான். கோயில் இளைஞர் சங்கத்தின் தலைவன், முப்பது வயது, பண்டிகைக்குப் பேனர் கட்டுவதும் மற்ற நாளில் தொண்டை கிழியப் பேசுவதும் அவன் வேலை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடத்தைப் பார்த்தான்.

"யாரு செதுக்கினது இது?" என்று கேட்டான், தெரியாதவன் மாதிரி.

எல்லோருக்கும் தெரியும்.

"ஆம்ப்ரோஸ்தானே? அதானே பார்த்தேன்" என்றான். "சும்மா நடந்த தப்பா இது? வேணும்னே பண்ணிக்கிறான். நம்ம சாமியை நம்ம கோயிலுக்குள்ளயே வெச்சு அசிங்கப்படுத்திக்கிறான்."

ஆம்ப்ரோஸ் என் பக்கத்து வீட்டுக்காரர், அவரும் மனைவி லீனாவும்தான் வீட்டில். கிரானைட் அறுக்கிற பட்டறை வைத்திருக்கிறார். சமையல் மேடைக்குப் பலகை, வாசலுக்குப் பெயர்க் கல், கல்லறைக்குச் சிலுவை, எது கேட்டாலும் செய்வார். இந்தக் கோயில் முன்மண்டபத்துத் தூண்கள் அவர் அப்பா செதுக்கியவை. தமிழ்நாட்டுச் சிற்பிகள் துர்க்கைக்கு ஆறு மாதம் கேட்டார்கள், கும்பாபிஷேகத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. "கல்லுக்கு இன்னாய்யா மதம்? உயிர் கொடுக்கிறது நாமதானே" என்று சொல்லி வேலையை ஆம்ப்ரோசிடம் கொடுத்தவர் கமிட்டித் தலைவர் கோவிந்தப்பா. இப்போது அந்தக் கோவிந்தப்பா வந்து நின்று, கையைப் பிசைந்துகொண்டு, விக்கி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆம்ப்ரோசைப் பிடிக்காது. பதினோரு வருஷமாக அவர் பட்டறைத் தூசி என் மல்லிகை மேல் படிகிறது, பதினோரு வருஷமாக நான் சண்டை போடுகிறேன், அந்த மனுஷன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அறுத்துக்கொண்டே இருக்கிறார். அதனால் நான் நியாயம் பேசும்போது பாசத்தில் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் என் மகன் ஹரிஷ்குமார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே பார்ப்பான். கமிட்டிச் செயலாளரும் அவன்தான். கூட்டத்தைப் பார்த்தான், மாடத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். பெற்றவளுக்கு அது போதும். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செருப்பு விடுகிற இடத்துக்குப் பின்னால் போனேன்.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"அம்மா, மெதுவா."

"தெரியுமா தெரியாதா?"

அழுகிற குரலில் சொன்னான். பழைய துர்க்கையின் கை உடைவதற்கு முன்னால் எடுத்த நல்ல படம் கமிட்டியில் யாரிடமும் இல்லை. இவனிடம் ஒரு செல்ஃபி இருந்தது, ஆடி வெள்ளிக்கு மாடத்துக்கு முன்னால் நின்று எடுத்தது. தன் முகத்தை வெட்டி எறிந்துவிட்டுத் துர்க்கையை மட்டும் ஆம்ப்ரோசுக்கு அனுப்பிவிட்டான். இவன் போனில் முன்பக்கக் கேமராவில் எடுத்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகப் பதியும். அது இவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஆம்ப்ரோஸ் அங்கிள் போன் பண்ணி கேட்டாரும்மா. 'தம்பி, தூக்கின கை இடது கையா வருது, சரிதானா'ன்னு. ரெண்டு தடவை கேட்டார். நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். 'போட்டோல எப்படி இருக்கோ அப்படியே பண்ணுங்க, உங்க இஷ்டத்துக்கு எதையும் மாத்தாதீங்க'ன்னு சொல்லிட்டேன்."

"எப்படா தெரிஞ்சுது உனக்கு?"

"சிலை வந்த அன்னைக்கு."

எனக்கு அப்படியே அவனை அறைய வேண்டும் போல இருந்தது. "அன்னைக்கே சொல்றதுக்கு வாயில இன்னாடா கொழுக்கட்டையா?"

"பத்திரிகை அடிச்சாச்சு, நாள் குறிச்சாச்சு, மந்திரி வர்றதா இருந்துச்சு. கோவிந்தப்பா மாமா மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்? அடுத்த மாசம் நிச்சயதார்த்தம்."

கோவிந்தப்பாவின் மகள் தீபிகாவைத்தான் இவனுக்குப் பேசியிருந்தது. நல்ல பெண். அந்தச் சம்பந்தம் கூடி வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

"கூட்டம் கலையட்டும்மா. நானே மாமாகிட்டத் தனியா சொல்லிடறேன். சத்தியமா சொல்றேன். பத்து நிமிஷம் குடு."

பத்து நிமிஷம்தானே என்று நான் பேசாமல் இருந்தேன். அதுதான் நான் செய்த பாவம்.

மண்டபப் படியில் கோவிந்தப்பா நின்றிருந்தார். சுற்றிலும் கூட்டம். ஹரிஷைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்த மாதிரி ஆயிற்று.

"வாப்பா. எல்லார் முன்னாடியும் சொல்லு. நாம ஆம்ப்ரோசுக்குப் போட்டோ சரியாத்தானே குடுத்தோம்?"

ஹரிஷ் என்னைப் பார்க்கவில்லை. "சரியாதான் குடுத்தோம் மாமா" என்றான். குரல் நடுங்கவில்லை. "அவர்தான் மாத்திட்டார்."

பெற்ற வயிறு பற்றி எரிவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கத்தியிருக்க வேண்டும். 'பொய்யி' என்று அந்தப் படியிலேயே நான் கத்தியிருக்க வேண்டும். தீபிகாவின் முகம் கண் முன்னால் வந்தது, நிச்சயதார்த்தத்துக்கு எடுத்து வைத்த புடவை வந்தது. வாய் ஒட்டிக்கொண்டது. அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷத்துக்குள் விக்கி, திருப்பணிக்கு வந்து சுவரோரம் சாய்ந்து கிடந்த கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டான்.

"கேட்டீங்கல்ல? இனிமே பேச்சு கிடையாது. எந்தக் கையால செதுக்கினானோ அந்தக் கை அவனுக்கு இருக்கக் கூடாது. வாங்கடா."

இருபது முப்பது பேர் கிளம்பிவிட்டார்கள். "ஏய், ஏய், போலீஸுக்குச் சொல்லலாம்பா" என்று சொல்லிக்கொண்டே கோவிந்தப்பாவும் கூடவே போனார். பேச்சில்தான் தடுத்தார், கால் கூட்டத்தோடு நடந்தது. ஹரிஷும் போனான்.

கூட்டம் பெரிய தெரு சுற்றித்தான் போக வேண்டும். நடுவில் ஒரு சந்து இருக்கிறது, ஒருக்களித்து நடந்தால்தான் நுழைய முடியும். என் உடம்புக்கு அது ஆகாது. அன்றைக்கு எப்படி நுழைந்தேனோ, முழங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தம் வந்தது.

ஆம்ப்ரோஸ் பட்டறையில் கல் அறுத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம். மூக்கில் துணி, காதில் பஞ்சு. நான் ஓடி வந்து சுவிட்சை அணைத்ததும் கோபமாகத் திரும்பினார்.

"காந்தாக்கா, தண்ணி ஊத்தித்தான் அறுக்கிறேன். இதுக்கும் மேல நான் தூசியை முழுங்கவா?"

"அடச்சீ, தூசியும் வேணாம் மண்ணும் வேணாம். ஓடுய்யா! லீனாவைக் கூட்டிக்கினு பின்பக்கமா ஓடு. விக்கி கடப்பாரையோட வர்றான்."

"எதுக்கு?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். கை மாறியிருக்கிறது, வேண்டுமென்று செய்தாய் என்கிறார்கள் என்று. அந்த மனுஷன் நகரவே இல்லை. முகத்துத் துணியை மெதுவாக அவிழ்த்தார்.

"நான் ஏன் ஓடணும்? எங்கப்பா செஞ்ச தூணுக்குப் பக்கத்துல நிக்கிற சிலை. நான் அதுல விளையாடுவேனா? உங்க பையன்கிட்ட ரெண்டு தடவை கேட்டேங்க்கா. எனக்கு உங்க சாமி லட்சணம் தெரியாது, நீங்க சொல்றதுதான்னு சொல்லிட்டுத்தான் கேட்டேன். தம்பியே வந்து சொல்லட்டும். நல்ல பையன்."

நல்ல பையன் என்று அவர் சொன்னபோது எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கேட்டை யாரோ எட்டி உதைத்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து லீனா எட்டிப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ், "உள்ள போ, தாப்பா போடு" என்று கத்தினார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

பட்டறை நிறைந்துபோனது. ஒருவன் சாய்த்து வைத்திருந்த பலகைகளைத் தள்ளினான், இரண்டு விழுந்து உடைந்தன. யாருக்கோ செய்து வைத்திருந்த கல்லறைக் கல்லின் மேல் இன்னொருவன் செருப்போடு ஏறி நின்றான். ஆம்ப்ரோஸ் பையிலிருந்து போனை எடுத்தார்.

"போட்டோ இருக்குப்பா. பாருங்க, நீங்க அனுப்பின போட்டோதான். இதோ..."

விக்கி அந்தக் கையைத் தட்டிவிட்டான். போன் தெறித்துப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. ஆம்ப்ரோஸ் தொட்டியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் ஹரிஷைத் தேடிப் பிடித்தார்.

"ஹரிஷ் தம்பி, நீங்க சொல்லுங்க. ரெண்டு தடவை கேட்டேன்ல?"

ஹரிஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நிமிஷம்தான் ஆம்ப்ரோசுக்குப் பயம் வந்தது. அதுவரை அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. இப்போது உதடு உலர்ந்துபோய், ஒரு அடி பின்னால் வைத்தார். பின்னால் சுவர்.

"எந்தக் கைடா?" என்றான் விக்கி. கடப்பாரை மேலே போனது. "சாமி கையை மாத்தி வெச்ச கை எது?"

ஆம்ப்ரோஸ் கையைத் தூக்கினார், முகத்துக்கு முன்னால், உள்ளங்கை வெளியே தெரிய. வலது கை. அப்படியே துர்க்கை தூக்கியிருக்க வேண்டிய கை. அவள் தூக்கினால் பயப்படாதே என்று அர்த்தம். இவர் பயத்தில் தூக்கியிருந்தார். அந்த விரல்கள் ஆடின ஆட்டத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

எனக்குள் ஏதோ அறுந்தது. யார் யாரைத் தள்ளினேன் என்று தெரியாது. ஹரிஷின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து, பாதி அறுத்த கிரானைட் பலகை மேல் அவன் கையை வைத்து அழுத்தினேன்.

"இந்தா, இதை உடை!" என்றேன் விக்கியிடம். "இதுதான் நீ தேடற கை. தலைகீழ் போட்டோ எடுத்தது இந்தக் கை, அனுப்பினது இந்தக் கை. உடை, பார்க்கலாம்."

"அம்மா!" என்று ஹரிஷ் கையை உருவப் பார்த்தான். விடவில்லை. பூ கட்டிக் கட்டி இறுகிப்போன விரல்கள் என்னுடையவை.

"காந்தா, உனக்கு இன்னா பைத்தியமா?" என்றார் கோவிந்தப்பா.

"ஆமா, பைத்தியம்தான். கோயில்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. சம்பந்தம் போயிடுமேன்னு வாயை மூடிக்கினு நின்னேன். போகட்டும். இவன் செல்ஃபி எடுத்தான். அது கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டிக்கிது. அந்தாளு சந்தேகப்பட்டு ரெண்டு தடவை கேட்டுக்கிறாரு, இவன்தான் அப்படியே பண்ணுன்னு சொல்லிக்கிறான். சிலை வந்த அன்னைக்கே இவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் இன்னைக்குப் படியில நின்னு பொய் சொன்னான். டேய், அந்தப் போட்டோவைக் காட்டு. காட்டலைன்னா நான் உன்னைப் பெக்கவே இல்ல."

கடப்பாரை இன்னும் மேலேதான் இருந்தது. ஹரிஷ் அழத் தொடங்கினான். அழுதுகொண்டே மறு கையால் போனை எடுத்து, எதையோ தள்ளித் தள்ளித் தேடி, கோவிந்தப்பாவிடம் நீட்டினான்.

வெட்டாத முழுப் படம். ஹரிஷ் சிரித்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் பழைய துர்க்கை. அவன் பனியனில் கம்பெனிப் பெயர் பின்னாலிருந்து முன்னாலாக, எல்லா எழுத்தும் திரும்பி இருந்தது. கோவிந்தப்பா அதை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தார், முடியவில்லை, போனைத் திருப்பிப் பார்த்தார், பிறகு புரிந்துகொண்டார். போன் கை மாறி விக்கியிடம் போனது. விக்கி அதை நெடுநேரம் பார்த்தான். கடப்பாரை மெதுவாகக் கீழே இறங்கித் தரையில் முட்டியது.

இப்போது என் மகனை அடிப்பார்கள் என்று நினைத்தேன். கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கட்டும், வாங்க வேண்டியவன்தான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அட போங்கப்பா!" என்றார் கோவிந்தப்பா. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "இவ்ளோதானா? செல்ஃபி! கேமரா பண்ணின வேலை. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"மச்சா, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று விக்கி ஹரிஷின் தோளில் தட்டினான். "பேஜார் பண்ணிட்டியே. என் போன்லயும் அப்படித்தான் வருது மச்சா, அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணணும்."

"பாவம், பையன் பயந்துட்டான்."

"தெரியாம நடந்ததுதானே."

"யாராவது தண்ணி குடுங்கப்பா அவனுக்கு."

யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை அவன் கையில் திணித்தார்கள். இன்னொருவன் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். கல்லறைக் கல் மேல் நின்றவன் இறங்கி, செருப்பு மண்ணை அந்தக் கல்லின் ஓரத்திலேயே தட்டினான். பரிகாரம் பண்ணலாம், குருக்களைக் கேட்டு வேறு சிலை வைக்கலாம் என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. கோவிந்தப்பா சுவரோரம் நின்றிருந்தவரைப் பார்த்தார்.

"சரிப்பா ஆம்ப்ரோஸ், மனசுல வெச்சுக்காத. பசங்க கொஞ்சம் சூடாயிட்டாங்க. புதுசு ஒண்ணு சீக்கிரம் பண்ணிக் குடு. இந்தத் தடவை சரியான போட்டோ தர்றோம்."

ஆம்ப்ரோசின் கை இன்னும் முழுசாகக் கீழே வரவில்லை, மார்புக்கு நேராக நின்றிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "த்தூ! வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றேன். "அஞ்சு நிமிஷம் முன்னாடி இதே தப்புக்கு இந்தாளு கையை உடைக்க வந்தீங்க. இப்ப அதே தப்பு எம்புள்ளை பண்ணினதுன்னு தெரிஞ்சதும் கேமரா தப்பாயிடுச்சா? தோள்ல தட்டிக் குடுக்கறீங்க? அவரு பண்ணினா சாமிக்கு அசிங்கம், இவன் பண்ணினா பாவம், சின்னப் பையன், அப்படித்தானே? ஒருத்தர், ஒரே ஒருத்தர் அந்தாளுகிட்ட மன்னிச்சுக்கோன்னு சொன்னீங்களாடா?"

"காந்தா, டென்ஷன் ஆகாத. அதான் எல்லாம் தெளிவாயிடுச்சுல்ல" என்றார் கோவிந்தப்பா. "சம்பந்தத்துக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ கவலைப்படாம வீட்டுக்குப் போ."

அதைச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். வேண்டாம்யா உன் சம்பந்தம் என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவர் கேட்டைத் தாண்டிவிட்டார். ஒவ்வொருவராகப் போனார்கள். விக்கி போகும்போது கடப்பாரையை மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

பட்டறை அமைதியானது. ஆம்ப்ரோஸ் உடைந்த பலகைத் துண்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"லீனா, தொறம்மா. நான்தான், காந்தா."

மறுபடி தட்டினேன்.

"பயப்படாத, லீனா. எல்லாரும் போயிட்டாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகல. வந்து பாரு."

கதவுக்கு மிகக் கிட்டே அவள் மூச்சு கேட்டது. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"உங்க பையனும் போயிட்டானாக்கா?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஹரிஷ் எனக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தான், அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு. அவனும் கேட்டுவிட்டான். போயிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் திறந்திருப்பாள். அன்றைக்கு இன்னொரு பொய் என் வாயில் வரவில்லை.

"இல்லம்மா" என்றேன். "இங்கதான் நிக்கிறான்."

கதவு திறக்கவில்லை.